புல்தரையில் சேரும் சருகு மெத்தை

ஊராட்சிப் பூங்காவிலும் வீட்டு முற்றத்திலும் அருகம்புல் தரை அமைக்கும் வழக்கம் கிராமங்களிலும் பரவி வருகிறது. வயலில் அருகை ஒழிக்கப் பாடுபடும் உழவருக்கு இது நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஊராட்சியின் பணமும் கிணற்று நீரும் இதற்குச் செலவாகின்றன. ஆதலின் இதனைப் பேணும் முறையை நாம் அறிதல் நலம்.

ஓர் ஊராட்சியில் கோடைக்காலத்தில் புல்தரை மஞ்சளாயிற்று. ஒரு வேளை பாய்ச்சிய நீர் இரு வேளையாயிற்று, யூரியாவும் தூவப்பட்டது. பயனில்லை. நாம் சென்று கத்தியால் ஒரு துண்டை அறுத்தெடுத்துப் பார்த்தோம். பசும்புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே, ஓர் அங்குல கனத்தில், தேங்காய் நார் போன்ற பழுப்பு அடுக்கு இருந்தது. அடுக்கு ஈரம், அதன் கீழே மண்ணோ புழுதி.

அது வெட்டிய புல் அன்று. வெட்டிய இலையில் பெரும்பகுதி நீரே. அது விரைவில் மட்கிவிடும். அருகின் படர்தண்டுகளும் வேர்களும் மட்குவதற்கு முன் மேலும் மேலும் சேர்வதால் உண்டாவதே இம்மெத்தை. யூரியா மிகுந்தால் இது விரைந்து தடிக்கும். நாள்தோறும் சிறிதளவே நீர் தெளித்தால் வேர்கள் மண்ணை விட்டு மெத்தைக்குள் ஏறிக்கொள்ளும். ஒரு நாள் நீர் தவறினும் புல் வாடும். அரை அங்குலத்திற்குள் இருப்பின் தீங்கில்லை. மிதிபடும் புல்லுக்கு அது காப்பே.

மிகுந்துவிட்டால், புல் முனைந்து வளரும் காலத்தில் நீக்க வேண்டும். ஆடி, ஆவணியில் மழை விழுந்தபின் செய்வது தக்கது. கோடை உச்சியில் கூடாது. முதலில் புல்லைத் தணித்து வெட்டி, இரும்புப் பல்வாரியால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துச் சருகை வாரவேண்டும். தரை மொட்டையாவது கண்டு உறுப்பினர்கள் அஞ்ச வேண்டா. மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து அருகு மீண்டும் துளிர்க்கும். பின்பு, தரை மண்ணை ஒத்த மண்ணையே சலித்து, மட்கிய எருவுடன் கலந்து, கால் அங்குலத்திற்கு மேற்படாமல் பரப்புக. அதிலுள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய சருகை மட்கச் செய்யும்.

அதன்பின் நாள்தோறும் தெளிக்காமல், இடைவெளி விட்டு, வேரடி நனையுமாறு பாய்ச்சுதல் வேண்டும். ஒரு முறை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. மண்புழுவைக் கொல்லும் மருந்துகளையும் தவிர்ப்போமாக; சருகை மண்ணோடு கலக்கும் கூலியில்லா ஆள் அதுவே.

வாரிய சருகைக் கொளுத்தாமல், சாணம் கரைத்துத் தெளித்து எருக்குழியில் இடலாம். களைக்கொல்லி தெளித்த தரையின் சருகை மட்டும் அதில் சேர்க்கலாகாது.