வானைக் குறிவைத்த பீரங்கிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியைக் கூர்ந்த கண்ணுடைய ஒரு வீரன் தனியே இயக்கி விமானங்களை வீழ்த்தினான் என்ற எண்ணம் திரைப்படங்களால் வேரூன்றியது. ஆனால் 7,000 மீட்டர் உயரத்தை எட்டக் குண்டுக்கு 10 விநாடிக்கும் மேலாகும். மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானமோ அதற்குள் 1 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆகவே விமானம் இருக்கும் இடத்தை நோக்கிச் சுடுவது வீண். அது இருக்கப்போகும் இடத்தை முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

அக்கணிப்பைப் பீரங்கியினின்று சற்று விலகி நின்ற 'கொமாண்டோகெரேட்' என்னும் கருவி செய்தது. 4 மீட்டர் அகல ஒளியியல் தொலைவுமானியையும் பற்சக்கரங்களால் கணக்கிடும் பொறியையும் இணைத்த இக்கருவி, திசை, குழலின் ஏற்றக் கோணம், குண்டு வெடிக்க வேண்டிய நேரம் ஆகிய மூன்றையும் மின்கம்பி வழியே ஒவ்வொரு பீரங்கிக்கும் அனுப்ப, அங்கிருந்தோர் வானத்தைப் பாராமல் தம்முன் இருந்த குறிகாட்டிகளைப் பார்த்தே சக்கரங்களைச் சுழற்றினர். மற்றொருவர் குண்டின் முனையை ஒரு கிண்ணத்தில் செருகி, அம்முனையிலிருந்த பியூஸில், அதாவது குறித்த நேரத்தில் குண்டை வெடிக்கச் செய்யும் அமைப்பில், நேரத்தைப் பதித்தார். ஒரு பீரங்கிக்குச் சுமார் பத்துப் பேர் தேவைப்பட்டனர். நிமிடத்திற்கு 15 முதல் 20 குண்டுகள் வரை சுட முடிந்தது. குண்டு விமானத்தில் நேரே படுவது அரிது; அருகே வெடித்துச் சிதறும் எஃகுத் துண்டுகளே சேதம் விளைத்தன. 1944இல் இவ்வகைப் பீரங்கியால் ஒரு விமானத்தை வீழ்த்தச் சராசரியாக 16,000 குண்டுகள் செலவாயின என்ற கணிப்பு, குறிதவறாத ஆயுதம் என்ற புகழுரையை முற்றிலும் மறுக்கிறது.

இப்பீரங்கியைப் பீரங்கி வண்டிகளுக்கு எதிராகத் திருப்பியது ஜெர்மன் தளபதி ரொம்மலின் திடீர் யோசனை என்பதும் பிழையே. ஸ்பானிய உள்நாட்டுப் போரிலேயே அது தரை இலக்குகளைச் சுட்டது. 1941 ஜூனில் எகிப்து எல்லையிலுள்ள ஹல்ஃபாயா கணவாயைத் தாக்கிய 4ஆம் இந்தியப் படைப்பிரிவுக்குத் துணையாக வந்த பிரிட்டனின் மடில்டா பீரங்கி வண்டிகள், மண்ணில் புதைத்து மறைக்கப்பட்டிருந்த இப்பீரங்கிகளுக்குப் பலியாயின.

வான்தாக்குதல் பற்றிய தவறான நம்பிக்கை இந்தியாவிலும் எழுந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய குண்டுகள் விழுந்தபின் இந்தியத் துறைமுகங்கள் அனைத்தும் வானையே அஞ்சின. அங்கு நிறுவப்பட்ட பிரிட்டனின் 3.7 அங்குலப் பீரங்கியும் இதே கணிப்பு முறையில்தான் இயங்கியது. அந்த அச்சத்தின் தொடர்ச்சியாகவே, 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகம் வெடித்தபோது அது ஜப்பானிய விமானங்களின் வேலை என்று பலர் நம்பினர். உண்மையில் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பலில் பஞ்சுப் பொதிகளில் பற்றிய தீ, அதே கப்பலில் ஏற்றியிருந்த ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளை எட்டியதே காரணம். பஞ்சையும் வெடிபொருளையும் ஒரே கப்பலில் ஏற்றிய அந்தப் பொறுப்பின்மையை எதிரி விமானத்தின் மேல் சுமத்துவது, மாண்ட நூற்றுக்கணக்கானோருக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஜெர்மன் பீரங்கிகளைத் தேர்ந்த படைவீரர்களே கடைசிவரை இயக்கினர் என்ற நம்பிக்கையும் நிலைக்காது. 1943 பிப்ரவரி முதல் 1926, 1927ஆம் ஆண்டுகளில் பிறந்த பள்ளி மாணவர்கள் வகுப்பு வகுப்பாக இப்பணிக்கு அழைக்கப்பட்டனர். பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்ட் ஆன ஜோசப் ராட்சிங்கரும் அவர்களுள் ஒருவர். இரவில் குண்டு சுமந்த அச்சிறுவர்களுக்குப் பகலில் பாடம் நடத்த ஆசிரியர்கள் பீரங்கித் தளங்களுக்கே அனுப்பப்பட்டனர்.