நீர்ச் சம்மட்டி

பாசனக் குழாயின் வால்வைச் சட்டென மூடினால் குழாய் ‘டம்’ என்று அதிர்வது ஏன்? ஓடும் நீரின் உந்தம் திடீரெனத் தடைப்பட்டு, அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. இதுவே நீர்ச் சம்மட்டி. மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதனை நடத்திய ரஷ்ய அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி, 1898-இல் இதற்குரிய விதியை வெளியிட்டார். அலையின் வேகத்தை நீரின் வேகத்தால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால், கூடுதல் அழுத்தம் நீர்மட்ட உயரமாகக் கிடைக்கும்.

ஒரு கணக்கைக் காண்போம். 600 மீட்டர் நீள பி.வி.சி. குழாய், நீரின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர், அலையின் வேகம் 400 மீட்டர் எனக் கொள்வோம்.

400 × 1.5 ÷ 9.81 = 61 மீட்டர்.

அதாவது, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ. 4 கிலோ தாங்கும் குழாய் வெடிக்காதா?

அலை மறுமுனை சென்று திரும்ப 1200 ÷ 400 = 3 விநாடி ஆகும். அதற்குள் மூடினால் முழு அடியும் விழும். அதனினும் பன்மடங்கு நேரம் எடுத்து மூடினால் அடி குறையும். கடன் வாங்கிப் புதைத்த குழாயைக் காப்பது அந்தச் சில விநாடிப் பொறுமையே.