களையும் பயிரும்

நுழையும்முன்

எழுத்தாளரின் கைப்படி நூலாகும் வழியில், அதனை வரிவரியாகப் படித்துச் செப்பம் செய்பவர் பதிப்பாசிரியர். மொழி கற்போர்க்குரிய அப்பணியின் இயல்பையும் அதில் நுழையும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

வயல் தரும் பாடம்

தேனி மாவட்டத்து மார்க்கையன்கோட்டை, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். நெல்வயலில் களையெடுப்போர்க்குக் கைவிரைவைவிடக் கூரிய பார்வையே முதன்மையானது. இளம்பருவத்தில் குதிரைவாலிப் புல் நெற்பயிரைப் போலவே தோன்றும். வேறுபாடு அறியாதவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவர். பதிப்பாசிரியர் பணியும் அத்தகையதே. எதைத் திருத்த வேண்டும் என்பதோடு, எதைத் தொடக்கூடாது என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

‘வேலை கொடுத்தான்’ என்பது பணி அளித்ததைக் குறிக்கும். ‘வேலைக் கொடுத்தான்’ என்பது வேற்படையை அளித்ததைக் குறிக்கும். ஓர் ஒற்றைச் சேர்க்குமுன் எழுத்தாளர் கருதிய பொருளை உணர வேண்டும்.

ஐயமே தொடக்கம்

உ.வே.சாமிநாதர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, அவர் அதுவரை அந்நூலைப் பயின்றதில்லை. பின்னர்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். விளங்காத சமயச் செய்திகளைச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூல் அச்சில் வெளிவந்தது. அறியாததைக் கேட்டறியும் பண்பே அப்பதிப்பின் வலிமை.

சொல்லைக் காத்தல்

விளம்பரத்துறையில் பணியாற்றிய எஸ்.இராமகிருஷ்ணன் 1974இல் ‘க்ரியா’ பதிப்பகத்தைத் தொடங்கினார். அப்பதிப்பகம் 1992இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி, செம்மையாக்கத்திற்கு உற்ற துணையாயிற்று. கி.ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கினார். பொது அகராதியில் இல்லை என்பதற்காக வட்டாரச் சொல்லைப் பிழையெனக் கருதி நீக்கினால், ஒரு நிலத்தின் வாழ்வும் அதனோடு நீங்கும். ஐயம் எழுமிடத்தில் எழுத்தாளரை வினவிய பின்னரே திருத்துதல் முறையாகும்.

தொடங்கும் வழி

இப்பணிக்குப் பரந்த வாசிப்பும் இலக்கண அறிவும் அடிப்படை. தமிழ், ஆங்கிலம், வரலாறு, அறிவியல் என எத்துறையில் பட்டம் பெற்றோரும் இதில் ஈடுபடலாம்; இரு மொழியறிவு மொழிபெயர்ப்பு நூல்களைச் செம்மையாக்க உதவும். பள்ளி ஆண்டு மலரின் மெய்ப்பைத் திருத்துவதே நல்ல முதற்பயிற்சி. ஒவ்வொரு திருத்தத்திற்கும் உரிய காரணத்தை ஓரத்தில் எழுதிப் பழக வேண்டும். காரணம் கூற இயலாத திருத்தத்தைக் கைவிட வேண்டும்.

நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனம் நூல் வெளியீட்டில் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்து, படிப்படியாகப் பதிப்பாசிரியராக உயர்வதும் உண்டு. கணினிவழித் திருத்தம் பரவியுள்ளதால், சிற்றூரில் இருந்தவாறும் இப்பணியைச் செய்யலாம்.

களையெடுத்தவரின் பெயர் நெல்மூட்டையில் இருப்பதில்லை. பதிப்பாசிரியரின் பெயரும் பெரும்பாலும் அட்டையில் இருப்பதில்லை. ஆயினும் வாசகர் தடையின்றிப் படித்துச் செல்லும் ஒவ்வொரு வரியிலும் அவரது உழைப்பு இருக்கிறது.