பேரிக்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

கிழக்குக் கொல்கத்தாச் சதுப்புநிலத்தில் தாவர ஆய்வு தொடங்க வந்திருக்கிறீர்கள். களத்தில் இறங்குமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. மனிதக் கை படாத இடத்தை இங்கே தேடாதீர்கள். 12,500 எக்டேர் பரப்புள்ள இந்த நிலம் 2002இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. மாநகரத்துச் சாக்கடைநீர்தான் இதன் உயிர். பேரி எனப்படும் பெருங்குளங்களில் அது வெயில் பட்டுத் தெளிகிறது, பாசி செழிக்கிறது, மீன் வளர்கிறது. இதை உலகுக்கு விளக்கியவர் துருபஜோதி கோஷ். கழிவுநீரை நிறுத்தினால் பழைய காடு திரும்பாது. மனை போடுகிறவர்கள்தான் வருவார்கள். ஆகவே ‘மனிதக் குறுக்கீடு’ என்று பொதுவாக எழுதாமல் கரை கட்டினார்களா, தூர் வாரினார்களா, மண் கொட்டினார்களா என்று பிரித்து எழுதுங்கள்.

2. செடியை எண்ணுமுன் மண்ணின் வரலாற்றைப் படியுங்கள். வித்யாதரி ஆறு கடலின் ஏற்றநீரைக் கொண்டுவந்த காலத்தில் இது உவர்நிலம். வண்டலால் தூர்ந்துபோன அந்த ஆற்றை 1928இல் செத்த ஆறு என்று அறிவித்தார்கள். 1960களில் ஹூக்ளி வண்டலைக் குழாய்வழி கொட்டி சால்ட் லேக் நகரை எழுப்பினார்கள். அங்கே சாலையோரப் புல் நிற்பது ஆற்று வண்டலில். மாநகரக் குப்பை கொட்டும் தாப்பாவில் காய்கறி விளைவது குப்பை மக்கிய மண்ணில். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் வரும் முடிவு தவறாகத்தான் இருக்கும்.

3. மாதத்தைக் குறியுங்கள். குளிர்காலத்தில் பேரியை வடித்துக் காயவிடுவார்கள். அப்போது எடுக்கும் கணக்கு வேறு, மழைக்காலக் கணக்கு வேறு.

4. ஆகாயத்தாமரையைக் கண்டதும் பகை என்று எழுதிவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து வங்காளத்து நீர்வழிகளை அடைத்ததும், அதை ஒழிக்க 1936இல் தனிச்சட்டம் போட்டதும் உண்மை. ஆனால் பேரிக்காரர்கள் அதையே கரையோரம் நிறுத்தி வளர்க்கிறார்கள். அலை கரையை அரிப்பதில்லை, மீனுக்கும் நிழல் கிடைக்கிறது. ஒரு செடி ஓரிடத்தில் ஏன் நிற்கிறது என்பதை அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். ‘தாதா’ (வங்காளத்தில் அண்ணன்) என்று மரியாதையாக அழைத்து, அவர்களோடு கரையில் உட்கார்ந்து கேளுங்கள்.

5. ஷிப்பூரில் மத்திய தேசிய உலர்தாவரகம் இருக்கிறது. டேவிட் ப்ரெய்ன் 1903இல் வெளியிட்ட ‘பெங்கால் பிளான்ட்ஸ்’ நூலையும் அங்குள்ள பழைய மாதிரிகளையும் உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எது போயிற்று, எது புதிதாக வந்தது என்பது அப்போதுதான் தெரியும். நீங்கள் சேகரிப்பதையும் இடம், நாள், நிலத்தின் பயன்பாடு எழுதிப் பாதுகாத்து வையுங்கள். மண் கொட்டிக் குளம் தூர்ப்பது இன்னும் நிற்கவில்லை. இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.