முதலில் இருட்டைக் கட்டு

(வீட்டிலேயே ப்ரொஜெக்டர் செய்யும் ஓர் இளம் கலைஞருக்கு)

அன்புள்ள தங்கைக்கு,

ராயப்பேட்டையில் உங்கள் மொட்டை மாடி அறையில் வீடியோ ப்ரொஜெக்டர் ஒன்றை நீயே செய்துகொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். ரிச்சி தெருவில் 7 இன்ச் எல்சிடி பேனல், 100 வாட் எல்இடி, ஹீட் சிங்க், இரண்டு ஃப்ரெனல் லென்ஸ் எல்லாம் வாங்கியாயிற்று. படமும் சுவரில் விழுந்துவிட்டது. ஆனால் 100 இன்ச்சுக்கு விரித்தால் மங்கலாக இருக்கிறது, 200 வாட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

போகவேண்டாம். எல்இடியை அப்படியே வைத்துவிட்டு முதலில் அறையைப் பார். ப்ரொஜெக்டரில் கார்பன் குச்சிகள் எரிந்த காலத்திலிருந்து தியேட்டரின் ஆபரேட்டர் ரூமில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இருட்டை மட்டும் நாமேதான் கட்ட வேண்டும்.

முதலில் உன் வெளிச்சக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 வாட் எல்இடி சுமார் 10,000 லுமென் தரும். அது முன்பக்கம் எல்லாத் திசையிலும் சிதறும். அதில் பேனல் மேல் வந்து விழுவது, தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 4,000. பேனலில்தான் பெரிய செலவு. பின்பக்கத்து போலரைசர் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கம்பிகளும் தங்கள் பங்குக்கு மறைக்கும். கடைசியில் நூற்றுக்கு ஐந்துதான் வெளியே வரும் என்று வை. 4,000 இப்போது 200. லென்ஸைத் தாண்டும்போது 150.

10,000-ல் தொடங்கி 150-ல் முடிவதைப் பார்த்து மனம் தளராதே. அந்த 150 லுமெனை மூலைக்கு மூலை 60 இன்ச் உள்ள படத்தில் விழவிடு. 16:9 வடிவில் அதன் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். சுவரில் 150 லக்ஸ் கிடைக்கும். நல்ல மேட் வெள்ளைத் திரையில் அது சதுர மீட்டருக்கு சுமார் 48 கேண்டெலா. டிஜிட்டல் சினிமா தியேட்டர்களுக்கு உலகம் முழுக்க வகுத்திருக்கும் வெளிச்ச அளவும் அதே 48தான். உங்கள் திரு.வி.க. சாலையில் 1974-லிருந்து நிற்கிற சத்யம் தியேட்டரின் திரைக்கும் அதே அளவுகோல்தான். அதையே 100 இன்ச்சாக விரித்தால் பரப்பு 2.76 சதுர மீட்டர் ஆகிவிடும், வெளிச்சம் 17 கேண்டெலாவுக்கு இறங்கிவிடும். உன் பெட்டியில் குறை ஒன்றுமில்லை. ஒரு சதுர மீட்டருக்கான வெளிச்சத்தை நீ கிட்டத்தட்ட மூன்று சதுர மீட்டரில் பூசப் பார்க்கிறாய், அவ்வளவுதான்.

இனி இருட்டுக்கு வருகிறேன். 60 இன்ச் படத்தின் வெள்ளை 150 லக்ஸ். தெருவிளக்கு ஜன்னல் இடுக்கில் நுழைந்து திரையில் 5 லக்ஸ் சேர்த்துவிட்டால், படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் அந்த 5 லக்ஸில்தான் நிற்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் முப்பதுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். இரவுக் காட்சியில் முகம் தெரியும், முகத்துக்குப் பின்னால் உள்ள மரம் தெரியாது. அந்தக் கசிவை அரை லக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டால் விகிதம் முந்நூறுக்கு ஒன்று வரை போகலாம். ஒரு வாட்கூடக் கூட்டாமல் படம் பத்து மடங்கு வரை தேறும். 200 வாட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்? முப்பது அறுபதாகும். கூடவே சூடும் இரண்டு மடங்காகும்.

சினிமா நம் ஊருக்கு வந்த நாளிலிருந்து இருட்டைத் தேடுவதுதான் கதை. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவர் வழியில் வந்த டூரிங் கொட்டகைகளில் பகல் காட்சி கிடையாது. கூடாரத் துணியால் வெயிலைத் தடுக்க முடியாதே! பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம். 1913-ல் வார்விக் மேஜர் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். அந்தக் கட்டடம் அண்ணா சாலை தபால் அலுவலக வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஒருமுறை போய்ப் பார். மறுவருஷம் போட்டோகிராபர் ரகுபதி வெங்கையா கெயிட்டியைத் திறந்தார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. நீ எல்இடி வாங்கிய ரிச்சி தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இவர்கள் கட்டடம் எழுப்பியது மழைக்கு ஒதுங்க மட்டுமா? பகல் இரண்டரை மணிக்கும் இருட்டு வேண்டும் என்பதற்காகவும்தான்.

வீட்டில் செய்யும் ப்ரொஜெக்டரும் நம் ஊருக்குப் புதிதில்லை. உன் தாத்தாவைக் கேள். ஃப்யூஸ் போன குண்டு பல்பின் மூடியைப் பக்குவமாக எடுத்து, உள்ளே இருக்கும் கம்பியை அகற்றி, தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். ஒரு பையன் வாசலில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வெயில் கதவிடுக்கு வழியாக உள்ளே பாயும். இன்னொருவன் அந்த ஒளியில் பிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடிக்க, எதிர்ச் சுவரில் எம்.ஜி.ஆர். நேராக நிற்பார். சூரியன் நகர நகர, கண்ணாடிக்காரன் கையையும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கு, பிலிம், லென்ஸ், திரை என்று உன் பெட்டியில் உள்ள எல்லாம் அதிலும் இருந்தன. கதவைச் சாத்தி, ஜன்னலில் கோணி தொங்கவிட்ட பிறகுதான் அந்தப் படம் தெரியும். அந்தப் பையன்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே இப்படிச் செய். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அறை நடுவே பத்து நிமிஷம் சும்மா உட்கார். கண் இருட்டுக்குப் பழகும். அப்போது ஒவ்வொரு ஓட்டையும் தானாகக் கண்ணில் படும்: கதவின் அடி இடுக்கு, வென்டிலேட்டர், ஏசிக்காக உடைத்துப் பூசாமல் விட்ட மூலை, ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கு. சாக்பீஸால் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்து, சட்டத்தைவிட அரை அடி அகலமாகத் தொங்கவிடு. பிறகு கூரையைப் பார். படத்தின் வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பவும் திரையிலேயே விழும். திரையை ஒட்டிய மூன்றடிக்காவது கூரைக்கும் பக்கச் சுவருக்கும் அடர்த்தியான நிறம் அடித்துவிடு. திரையைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட்டில் நாலு விரல் அகலத்துக்கு பார்டர் கட்டு. தியேட்டர்களில் திரையோரத்தில் நாங்கள் கறுப்புத் துணி கட்டியதும் இதற்காகத்தான். ஓரம் கறுத்தால் நடு தானே எடுப்பாகத் தெரியும்.

அறை முடிந்த பிறகு பெட்டிக்கு வா. இரண்டு ஃப்ரெனலின் வரிப்பக்கமும் பேனலைப் பார்த்து இருக்கட்டும். வழவழப்பான பக்கம், முதலாவதில் எல்இடியையும் இரண்டாவதில் லென்ஸையும் பார்க்கட்டும். பேனலோடு ஒட்டவைக்காதே. ஒன்றரை சென்டிமீட்டராவது தள்ளி வை, இல்லாவிட்டால் அந்த வட்ட வரிகள் படத்தில் வந்துவிடும். பேனலின் ரிப்பன் கேபிள் படத்தின் குறுக்கே மடங்காமல் வெளிப்புறம் விரியும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

உன் லென்ஸின் குவியத்தூரம் 200 மில்லிமீட்டர் என்றாய். 7 இன்ச் பேனல் 60 இன்ச் படமாக எட்டரை மடங்கு பெருக வேண்டும். பேனலிலிருந்து லென்ஸ் 223 மில்லிமீட்டரில், லென்ஸிலிருந்து திரை 1,900 மில்லிமீட்டரில், அதாவது ஆறேகால் அடியில். ராயப்பேட்டை அறைக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. 100 இன்ச்சுக்குத் திரை பத்தடிக்குப் போகும், ஆனால் லென்ஸ் நகர்வது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால் லென்ஸைப் பசை வைத்து ஒட்டாதே. திருகினால் மயிரிழை மயிரிழையாக நகரும்படி மரையோ, ஸ்லைடோ போடு. ஃபோகஸ் என்பது அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் நடக்கும் வேலை.

படம் மேலே ஏற வேண்டுமானால் பெட்டியைச் சாய்க்காதே. சாய்த்தால் படம் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகும். பேனல் சுவருக்கு இணையாகவே நிற்கட்டும், லென்ஸை மட்டும் சற்று மேலே தூக்கு. பழைய தியேட்டர்களில் ஆபரேட்டர் ரூம் உயரத்தில் இருக்கும், சாய்க்காமல் முடியாது. அங்கே அப்பர்ச்சர் பிளேட்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, மாட்டி ஓட்டிப் பார்த்து, மறுபடி ராவி, படத்தின் ஓரம் திரையின் ஓரத்தோடு சேரும்வரை விடமாட்டோம். பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அதைச் செய்யாமல் எந்த நல்ல ஆபரேட்டரும் முதல் ஆட்டம் விட்டதில்லை.

சூட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பேனல் விழுங்கும் வெளிச்சமெல்லாம் சூடாகிறது. சித்திரை வெயிலில் உன் மாடி அறையே 35 டிகிரியைத் தாண்டியிருக்கும், பெட்டியின் கணக்கு அதற்கு மேல்தான் தொடங்கும். படத்தின் நடுவில் காரணமில்லாமல் கறுப்புப் படர்ந்தால் உடனே எல்இடியை அணைத்துவிடு. திரவப் படிகம் சூட்டில் தன் ஒழுங்கை இழந்துவிட்டது என்று பொருள். ஆறினால் திரும்பிவிடும், விட்டுவைத்தால் போலரைசர் வெந்துபோகும். காற்று முதலில் பேனலின் இரு பக்கமும் தடவிவிட்டு, பிறகுதான் எல்இடியின் ஹீட் சிங்க் வழியாக வெளியேற வேண்டும். ஃபேன் வாயில் தூசி வடிகட்டி வை. ஹீட் சிங்கில் தெர்மல் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்து. ஃபேன் நின்றால் எல்இடி தானாக அணைய வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் துணிச்சல் வேண்டாம். உள்ளே வருவது 230 வோல்ட். உலோகப் பெட்டியென்றால் எர்த் கட்டாயம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல். எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவருக்குள் இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் ஷாக் அடிக்கும். பழைய மானிட்டரைப் பிரித்தால் அதன் பேக்லைட் இன்வெர்ட்டரில் ஆயிரம் வோல்ட் அளவுக்கு இருக்கலாம், அதன் மெல்லிய குழாயில் பாதரசம் இருக்கும். எரிகிற எல்இடியை நேராகப் பார்க்காதே, வீட்டுக் குழந்தைகளைப் பார்க்கவும் விடாதே.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் ப்ரொஜெக்டர் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று உன் வீட்டில் கேட்பார்களாம். நியாயமான கேள்விதான். அந்தப் பெட்டிகளின் அட்டையில் ஆயிரக்கணக்கில் லுமென் போட்டிருக்கும், தரப்படி அளந்த ஆன்சி லுமென் எத்தனை என்று தேடினால் பல பெட்டிகளில் இருக்காது. நீ செய்த பெட்டியில் எங்கே எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பது உனக்குக் கைக்கணக்காகத் தெரியும். நாளைக்கு எந்த ப்ரொஜெக்டரைத் தொட்டாலும், எந்த தியேட்டரில் உட்கார்ந்தாலும், படம் ஏன் நன்றாக இருக்கிறது, ஏன் மங்குகிறது என்று உன்னால் சொல்ல முடியும். எங்கள் காலத்தில் கார்பன் குச்சிகளின் இடைவெளி கொஞ்சம் கூடினாலே திரையில் நிறம் மாறும், உடனே கீழிருந்து விசில் பறக்கும். அந்த விசிலுக்கு முன்பே கையால் திருகிச் சரிசெய்யக் கற்றவனைத்தான் ஆபரேட்டர் என்றார்கள். அந்தக் கண் உனக்கு வர வேண்டும் என்பதே என் ஆசை. வாங்கிய பெட்டி அதைத் தராது.

இந்த வாரம் எல்இடியைத் தொடாதே. அறையை அடைத்து முடித்துவிட்டு, போனில் லக்ஸ் மீட்டர் ஒன்றை இறக்கிக்கொள். முழு வெள்ளைப் படம் போட்டு, திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து எழுது. சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்கினால் உன் ப்ரொஜெக்டரின் லுமென் வந்துவிடும். போன் மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். பிறகு படத்தை அணைத்துவிட்டு அதே ஒன்பது இடங்களிலும் இருட்டையும் அள. இரண்டு வரிசையையும் எனக்கு அனுப்பு. அதற்குப் பிறகும் வெளிச்சம் போதாதென்று தோன்றினால், எங்கே கூட்டலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
ஒரு பழைய ஆபரேட்டர்