சூப்பர் ஹீரோ புத்தகம் வேண்டுமா? அணில் அக்காவிடம் ஆரம்பி!

பிள்ளைக்கு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாங்கித் தரலாம் என்று கடைக்குப் போனால், இப்போது பாதி புத்தகம் இருட்டும் ரத்தமும்தான். மீதியில், பத்து இதழ் முன்கதை தெரியாமல் ஒன்றும் புரியாது. சிரிக்கச் சிரிக்க, வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாரும் படிக்கிற மாதிரி ஒன்று சொல் அக்கா என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது மார்வெலின் ‘தி அன்பீட்டபிள் ஸ்குவிரல் கேர்ள்’. எழுதியவர் ரையன் நார்த். பெரும்பாலான இதழ்களுக்குப் படம் எரிகா ஹெண்டர்சன். 2015-இல் தொடங்கி 2019-இல் முடிந்த தொடர். 2017-இல் பதின்வயதினருக்கான சிறந்த வெளியீடு என்று ஐஸ்னர் விருதும் வாங்கியது.

கதாநாயகி டோரீன் கிரீன், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க நியூயார்க்கில் காலேஜ் சேர்ந்த பெண். அணிலின் பலம், அணிலோடு பேசும் திறமை, கூடவே ஒரு பெரிய வால். வகுப்புக்குப் போகும்போது அந்த வாலைச் சுருட்டி பேன்ட்டுக்குள் திணித்துக்கொண்டு போவாள். இனி டிப்ஸுக்கு வருவோம்.

1. தொகுப்பாக வாங்கு. தனி இதழ்களைத் தேடினால் குழம்பிப்போவாய். 2015 என்ற ஒரே வருஷத்தில் இந்தத் தொடருக்கு இரண்டு முறை ‘நம்பர் 1’ வந்தது. ஜனவரியில் ஆரம்பித்து எட்டு இதழோடு நின்று, அக்டோபரில் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஐம்பது வரை போனது. அதனால் ‘ஸ்குவிரல் பவர்’ என்ற முதல் தொகுப்பைக் கேட்டு வாங்கு. முன்கதை எதுவும் தெரிய வேண்டாம்.

2. பின்பக்கத்துப் பழைய கதையைக் கடைசியில் படி. டோரீன் முதன்முதலில் வந்த கதை அந்தத் தொகுப்பின் பின்னால் இருக்கிறது. 1991 குளிர்கால இதழ் ஒன்றில் வில் மர்ரே எழுத, ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ வரைந்தது. அயர்ன் மேனின் உதவியாளாகச் சேர வந்த சின்னப் பெண், அணில் பட்டாளத்தை ஏவி பெரிய வில்லன் டாக்டர் டூமையே ஓடவைப்பாள். ஆனால் ஓவியம் வேறு பாணி. முதலிலேயே அதைத் திறந்தால் பிள்ளைக்குப் புத்தகம் ஒட்டாது.

3. செல்போனில் காட்டாதே. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். கதாசிரியரே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கிண்டலடிப்பது போல இருக்கும். பாதிச் சிரிப்பு அங்கேதான். போன் திரையில் அது கண்ணுக்கே தெரியாது. அச்சுப் புத்தகம், இல்லாவிட்டால் பெரிய டேப்லெட்.

4. சின்னப் பிள்ளை என்றால் நீ படித்துக் காட்டு. படம் எளிமை, வசனம் அதிகம். ஆங்கிலம் சரளமாகப் படிக்கிற பிள்ளை பத்து வயதில் தானே படித்துவிடும். அதற்குக் கீழே என்றால் நீ பக்கத்தில் உட்கார வேண்டும். வசனத்தை வரிக்கு வரி மொழிபெயர்க்க மெனக்கெடாதே. நம்ம பேச்சில் கதையாகச் சொல். “அணிலுக்கு முதுகில் மூணு கோடு எங்கேம்மா?” என்ற கேள்வி வரும். நியூயார்க் பூங்காக்களில் திரிவது சாம்பல் நிற அணில். கோடு கிடையாது, வால் புசுபுசுவென்று இருக்கும் என்று சொல்லிவிடு. டோரீனின் அணில் தோழி டிப்பி-டோவை எளிதில் கண்டுபிடிக்கலாம்: கழுத்தில் இளஞ்சிவப்பு ரிப்பன்.

5. சண்டை முடிகிற பக்கத்துக்கு முன்னால் நிறுத்து. இதுதான் முக்கியமான டிப்ஸ். டோரீனுக்கு அடிக்கவும் தெரியும். ஆனாலும் பல சண்டைகளை அவள் முடிப்பது, ‘உனக்கு என்னதான் வேணும்?’ என்று எதிரியைப் புரிந்துகொண்டுதான். வேட்டைக்காரன் கிரேவனை, கடலுக்கடியில் இருக்கும் ராட்சத மிருகங்களை வேட்டையாடப் போ என்று திருப்பிவிடுகிறாள். கிரகங்களையே தின்கிற கலாக்டஸ் பூமியைத் தின்ன வருகிறான். அவனுக்குப் பிரச்சினை பசி. யாரும் வசிக்காத, கொட்டைகள் நிறைந்த ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்து அனுப்பிவைக்கிறாள். இப்படி முடிவு வரும் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, “நீயா இருந்தா என்ன பண்ணுவே?” என்று கேள். பதில் எதுவானாலும் சரி தப்பு சொல்லாதே. படித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று பரீட்சை வைத்தால், அடுத்த தொகுப்பை அது தொடாது.

6. விரலை மடக்கிக் கணக்குப் போடு. ஒரு கதையில் பைனரி எண்ணை விரலால் எண்ணக் கற்றுத்தருகிறார்கள். கட்டைவிரல் 1, ஆள்காட்டி 2, நடுவிரல் 4, மோதிரவிரல் 8, சுண்டுவிரல் 16. நீட்டியிருக்கும் விரல்களைக் கூட்டினால் எண். கட்டைவிரலும் நடுவிரலும் நீட்டினால் 5. ஐந்தும் நீட்டினால் 31. பிள்ளையோடு சேர்ந்து நீயும் செய். பஸ்ஸில், டாக்டர் வீட்டில் காத்திருக்கும்போது இந்த விளையாட்டு கைகொடுக்கும்.

7. நடுவிலிருந்தும் ருசி காட்டலாம். வரிசையாகப் படிக்க அடம்பிடிக்கிற பிள்ளையா? அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாசகரே தேர்ந்தெடுக்கும் இதழ் ஒன்று உண்டு. அறைத்தோழி நான்சியின் பூனையின் பார்வையில் நகரும் இதழும் உண்டு. இரண்டில் ஒன்றைக் கொடுத்துப் பார், தானே முதல் தொகுப்பைத் தேடும்.

8. ஐந்தாறு வயதுக்கு வேறு புத்தகம். டிசியின் ‘டைனி டைட்டன்ஸ்’ எடு. ஆர்ட் பால்டசாரும் ஃபிராங்கோவும் சேர்ந்து செய்தது; 2008 முதல் 2012 வரை 50 இதழ். குட்டி ஹீரோக்கள் படிக்கும் பள்ளியில், பிரபஞ்சத்தையே நடுங்கவைக்கும் டார்க்சைட்தான் கேன்டீனில் சோறு போடுகிறவர்! ஓரிரண்டு பக்கத்தில் முடிகிற துணுக்குகள், வசனமும் குறைவு.

கடைசியாக ஒன்று. எதுவாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு தொகுப்பு மட்டும் வாங்கு, இல்லாவிட்டால் நூலகத்தில் கேட்டுப் பார். பிடித்தால் பிள்ளையே அடுத்ததைக் கேட்டு உன்னை நச்சரிக்கும். பிடிக்காவிட்டாலும் காசு வீணில்லை, நீ படி. எனக்குத் தெரிந்து பெரியவர்கள்தான் இதற்கு அதிகம் சிரிக்கிறார்கள்.