துளசித் தீர்த்தமும் ஒரு எண்ணெய்ப் புட்டியும்



சென்ற புரட்டாசிச் சனிக்கிழமையன்று உபயதாரர் ஒருவர், "வாத்தியாரையா, இத்தனை கூட்டத்திற்கு இலை பறித்து மாளாது. இதில் நாலு சொட்டு தீர்த்தத்தில் விட்டால் போதும்" என்று ஒரு புட்டித் துளசி எண்ணெயை என்னிடம் கொடுத்தார். நல்லெண்ணத்துடன் தந்ததுதான். ஆயினும் நான் அதை அர்ச்சகரிடம் சேர்ப்பிக்கவில்லை. அவருக்கு வருத்தம். பள்ளியில் இரசாயனம் கற்பித்தவன் என்ற முறையில் காரணத்தை இம்மலரில் எழுதிவிடுகிறேன்.

துளசி இலையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. கசக்கினால் அவை உடைந்து மணம் எழும். அம்மணத்தில் முதன்மையானது யூஜினால். பாலிக் பூலாவ் தோட்டங்களில் விளையும் கிராம்பின் மணமும், பல் வைத்தியர் அறையில் நாம் முகர்வதும் அதுவே. (சந்தையில் விற்கும் செலாசி வேறு, அதில் எஸ்ட்ராகோல் மிகுதி, சோம்பு வாடை வீசும். துளசியென்று அதை வாங்கி வருவோர் முகர்ந்து பார்த்து வாங்குக.)

யூஜினாலில் ஒரு ஹைட்ரஜன் அணுவின் இடத்தில் மெத்தில் தொகுதி அமர்ந்தால் அது மெத்தில் யூஜினால். சில துளசிச் செடிகளில் இது நிறையவே உண்டு. ஆண் பழ ஈக்கள் இதைத் தேடி வந்து உண்டு, பெண் ஈயைக் கவரும் மணமாக மாற்றிக்கொள்கின்றன. நம் அருகிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டான் கெங் ஹோங் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தார். ஈக்களுக்கு அமுதம், நமக்கு அப்படியன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் இதனை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்னும் 2ஏ பிரிவில் சேர்த்தது.

அப்படியானால் தீர்த்தம்? பசுந்துளசியில் எண்ணெய் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செம்பில் நாலைந்து இலை கிடந்தால் நீரில் இறங்குவது அதிலும் சொற்பம். ஒரு உத்தரணி அருந்த அச்சமே வேண்டாம். புட்டியிலோ கிலோக்கணக்கான இலையின் சாரம் இருக்கிறது. மேலும் எண்ணெய் நீரில் கலக்காது. சொட்டாகவே நின்று, வரிசையில் யாரோ ஒருவர் உள்ளங்கையில் முழுதாக விழும். அது ஒரு குழந்தையின் கையாகவும் இருக்கலாம். கிராம்பெண்ணெயைத் தவறிக் குடித்த குழந்தைகளுக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

அவ்வன்பர் பின்னர் பத்துத் துளசித் தொட்டிகளை உபயமாக அளித்தார். மடைப்பள்ளிக்குப் பின்புறம் வைத்திருக்கிறோம். காலையில் நீர் ஊற்ற ஆள் தேவை. விரும்புவோர் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.